ஐந்து மணிக்காரர்கள்

காலை நாலே முக்காலுக்கு அவள் சைக்கிள் பூட்டைத் திறக்கிற சத்தம்தான் அந்த வீட்டின் முதல் சத்தம். அதைக் கேட்டதும் முன்னறையில் படுத்திருக்கும் மாமனார் ஒரு முறை இருமுவார். கேட்டது, பார்த்துப் போய்வா என்று அதற்கு அர்த்தம். உள்ளறையில் புருஷன் புரண்டு படுப்பார். அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஏழு மணிக்கு முன்னால் கண் விழித்து அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. தெருவில் 'ஆஸ்பத்திரியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து "ஒரு தடவை பாருங்களேன்" என்று நின்றவர்கள்கூட உண்டு. அவள் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கிற பிரிவில் இருக்கிறாள். ஒன்பது வார்டுகளின் விரிப்பு, தலையணை உறை, நோயாளிச் சட்டை எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே இறங்கும். அவற்றைப் பிரித்து, உதறி, மெஷினில் போட்டு, ஈரத்தோடு எடுத்து, சூடான உருளைக்குள் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து விட வேண்டும். விரிப்புக்குள் சுருண்டு என்னென்னவோ வரும். தெர்மாமீட்டர் வரும், மூக்குக் கண்ணாடி வரும். ஒரு தடவை முழுசாக ஒரு பல் செட் வந்தது. கவலைப்படாதீர்கள், அது சாயங்காலத்துக்குள் உரியவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐந்தேகாலுக்கு முதல் மெஷின் ஓட வேண்டும். எட்டு மணிக்கு ஆபரேஷன் அறைக்குத் துணி போகாவிட்டால் அங்கே ஒரு வேலையும் தொடங்காது. "பெரிய டாக்டர் லேட்டா வரலாம். நாம வரக்கூடாதுடி" என்பாள் அவளோடு உருளையில் நிற்கிற கூட்டாளி. ஆனால் முதல் பஸ் வருவதே ஆறு பத்துக்கு. அதனால் சைக்கிள்தான். ஆறு கிலோமீட்டர்.

அந்த நேரத்தில் பெரிய ரோடு காலியாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இருக்காது. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற லாரிகள் அப்போதுதான் பறக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டது. கழுத்தெலும்பு முறிந்தது. வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே பதினோரு நாள் படுத்துக் கிடந்தாள். அவள் கையால் தேய்த்த விரிப்பின் மேலேயே படுத்து, மடிப்பு கோணலாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டாள்.

அதற்கப்புறம் புருஷன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், சைக்கிளும் வேண்டாம், வேலையும் வேண்டாமென்று. நல்ல வேளையாக அவள் கட்டு பிரிக்கிற சமயத்தில் மாநகராட்சிக்காரர்கள் அந்த ரோட்டில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டார்கள். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். தரையில் பச்சைப் பெயின்ட். கார், லாரி உள்ளே வராமல் இருக்க ஓரத்தில் இடுப்பளவு பிளாஸ்டிக் கம்பங்கள். 'ஒரு வருஷம் வைத்துப் பார்ப்போம்' என்று போர்டும் வைத்தார்கள்.

புருஷன் போய்ப் பார்த்தார். ஒரு கம்பத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். அது வளைந்து நிமிர்ந்தது.

"சரி, போ. ஆனா பச்சைக்குள்ளயே போ. பச்சைய விட்டு ஒரு அடி வெளிய வரக்கூடாது."

அப்படித்தான் அவள் வேலைக்குத் திரும்பினாள். பச்சை இருக்கிறவரை அவளுக்கு வேலை உண்டு. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த வினை என்னவென்றால், அந்தப் பச்சை அவள் புருஷனின் கடை வாசல் வழியாகத்தான் போனது.

அவருக்கு அந்த ரோட்டில் இரும்புச் சாமான் கடை. ஆணி, பூட்டு, குழாய், பெயின்ட், சிமென்ட் மூட்டை. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். குட்டைப் பென்சில் ஆன பிறகும் தூக்கிப் போட மாட்டார். முன்பெல்லாம் வாசலில் வண்டியை நிறுத்தி, ஏற்றிக்கொண்டு போவார்கள். இப்போது வாசலில் கம்பம் நிற்கிறது.

"பத்தடி பைப்பை எவன் தோள்ல வச்சுக்கிட்டு அடுத்த தெரு வரைக்கும் நடப்பான், சொல்லு" என்பார் சாப்பாட்டு மேஜையில். "சிமென்ட் மூட்டைய தலையில தூக்கி வப்பேனா? நேத்து ஒருத்தன் வண்டிய மெதுவாக்கினான், பாத்தான், போயிட்டான். நான் கையக் காட்டிக்கிட்டே நிக்கறேன், டாட்டா காட்டற மாதிரி."

"பின்பக்கம் சந்து இருக்கில்ல?"

"சந்துல ஒரு ஆடு நுழையும். ஆடா வந்து சிமென்ட் வாங்கப் போவுது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகக் கஷ்டம். அநியாயக்காரராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

வருஷம் முடிகிற சமயத்தில் அந்த மேஜைக்கு இரண்டு மனு வந்தது. ஒன்று, பாதை இருக்க வேண்டும் என்று சைக்கிள் சங்கத்தின் மனு. அதை அவள் கொண்டுவந்தாள். இன்னொன்று, எடுக்க வேண்டும் என்று வியாபாரிகள் மனு. அதைக் கண்ணாடிக் கடைக்காரர் எழுதி அவள் புருஷனிடம் கொடுத்திருந்தார். முதலில் அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யார்கிட்ட வந்து கேக்கறே நீ? சைக்கிள்காரன்னா எனக்குக் கொசு மாதிரி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. என் ரத்தக் கொதிப்புக்கே அவங்கதான் காரணம்."

"அதான் மாமா சொல்றேன். கொசுவுக்குத் தனியா ஒரு ரோட்டைக் குடுத்துட்டா பஸ்காரருக்குத்தானே நிம்மதி?"

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அட, ஆமா" என்று போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் மகன் நீட்டியதிலும் போட்டார்.

"அப்பா! அவ மனுலயும் உங்க கையெழுத்து இருக்கு."

"இருக்கட்டுமே. அவ கேட்டா, போட்டேன். நீ கேட்டே, போட்டேன். எனக்கு இந்த வீட்ல ரெண்டு பேர் கையாலயும் சோறு வருது. பேனா உன்னுதா? நல்லா எழுதுது, வச்சுக்கறேன்."

சைக்கிள் சங்கம் ஒரு காபிக் கடை மாடியில் கூடும். கல்லூரி வாத்தியார், பல் டாக்டர், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், இப்படி ஒரு இருபது பேர். அவர்களுடைய சைக்கிள்களை ஒரு விரலால் தூக்கலாம். அவளுடைய சைக்கிளில் கூடையும் உண்டு, மிதிக்கும்போது 'கிய்யா கிய்யா' என்று ஒரு பாட்டும் உண்டு. சங்கத் தலைவருக்கு அவள் வைத்த பேர் ஹெல்மெட்காரர். கூட்டம் நடக்கும்போதும் அவர் தலையிலிருந்து அது இறங்காது. தாடைப் பட்டைகூடத் தளராது.

நல்லவர்கள்தான். அவளைக் கண்டால் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். போட்டோ எடுத்துப் போஸ்டரில் போட்டு, 'உழைக்கும் பெண்ணின் பாதை' என்று எழுதினார்கள். அவள் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

"பாதைய வைக்கறதா எடுக்கறதான்னு எத வச்சு முடிவு பண்ணுவாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கணக்கெடுப்பாங்க மேடம்" என்றார் ஹெல்மெட்காரர். "என்னைக்குன்னு சொல்ல மாட்டாங்க. ஏதோ ஒரு நாள். காலைல ஏழு மணிலேருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் எத்தனை சைக்கிள் போகுதுன்னு ஆள் போட்டு எண்ணுவாங்க."

"ஏழுக்கா? ஏழு மணிக்கு நாங்க யாரும் ரோட்ல இருக்க மாட்டோமே. ரொட்டி ஃபேக்டரிக்காரங்க, வாட்ச்மேனுங்க, ரோடு பெருக்கறவங்க, எல்லாரும் அஞ்சுக்கே போயிடுவோம். அஞ்சு மணிலேருந்து எண்ணச் சொல்லுங்க."

"சூப்பர் பாயிண்ட் மேடம். நோட் பண்ணிக்கறேன்."

பண்ணினார். அவள் எட்டிப் பார்த்தாள். நோட்டில் ஒரு ஐந்து போட்டு, அதைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டிருந்தார். அந்த ஐந்து அந்த வட்டத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் புதன்கிழமை ஊர்வலம் என்று முடிவானது. விளையாட்டு மைதானத்திலிருந்து மாநகராட்சி ஆபீஸ் வரை எல்லோரும் சைக்கிளில் போய் மனுக் கொடுப்பது. மைதானம் ஊரின் அந்தக் கோடி. பச்சைப் பாதை இந்தக் கோடி.

லீவு கேட்டபோது கூட்டாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்வலமா? கொடி புடிப்பியா நீ?"

"மணி அடிப்பேன்."

"அடிச்சுட்டு வா. உன் முனையையும் சேத்து நானே புடிச்சுக்கறேன். திரும்பி வரப்ப எனக்கும் சேத்து ஒரு ரோடு வாங்கிட்டு வா."

அந்தப் புதன்கிழமை மாதிரி ஒரு நாள் அவளுக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. முந்நூறு சைக்கிளுக்குக் குறையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் மணி அடித்தார்கள். கார்கள் ஒதுங்கி நின்றன. லாரி ஒன்று ஒதுங்கி நின்றது! அதன் பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்ததை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆபீஸ் வாசலில் ஹெல்மெட்காரர் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார். "நாங்க அஞ்சு மணிக்குப் போறவங்க" என்று மட்டும் சொன்னாள். கைதட்டினார்கள். உள்ளேயிருந்து வந்த அதிகாரி மனுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஏதோ ஒரு மாதிரிச் சிரிப்பு. சிநேகமாகச் சிரிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குத்தான் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். மாமனாரிடமிருந்து ஆறு அழைப்பு. முந்நூறு மணிச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. மாமனார் லேசில் போனைத் தொடுகிறவர் இல்லை. மிதித்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள்.

கடைக்கு முன்னால், பச்சைப் பாதை ஓரத்தில், ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. அது இவர்கள் கடை நாற்காலி. அதில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மாநகராட்சி அட்டை கழுத்தில். உள்ளங்கைக்குள் எண்ணுகிற மெஷின், கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று ஏறுமே, அது. பக்கத்தில் மாமனார் வியர்த்து வடிந்து, பிளாட்பாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர்மேல் சாய்ந்த மாதிரி ஒரு சைக்கிள். பக்கத்து டீக்கடையுடையது.

"மாமா, என்ன ஆச்சு? நெஞ்சு வலியா?"

"நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொடைதான்." அவர் நிமிர்ந்தார். "எங்கம்மா போயிட்டே நீ? எத்தனை தடவை போன் பண்றது? இன்னைக்குத்தான் எண்ணினாங்க."

அவள் பாதையைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சைக்கிள் இல்லை. ஊரிலிருக்கிற சைக்கிள்காரர்களை எல்லாம் சைக்கிளுக்காக வேறு ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயாகிவிட்டது. அவளும் அதில் ஒருத்தி. மற்ற நாளென்றால் ஷிப்ட் முடிந்து திரும்பி வரும்போதாவது ஓர் எண் ஏறியிருக்கும்.

"எவ்வளவு ஆச்சும்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

அந்தப் பெண் கையைத் திருப்பிக் காட்டினாள். "பதினொண்ணு ஆன்ட்டி. ஏழு அடிச்சாச்சு, முடிஞ்சுது."

"அதுல நாலு நான்" என்றார் மாமனார்.

"நீங்களா?"

"பின்ன? காலைலேருந்து இந்தப் பொண்ணு அமுக்க ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கு. பாக்கவே சகிக்கல. டீக்கடைச் சைக்கிளை எடுத்தேன். போனேன், வந்தேன். போனேன், வந்தேன். நாப்பது வருஷம் கழிச்சு ஏர்றேன். நம்மள ஒரு பஸ்காரன் பாத்து ஹாரன் அடிக்கறான், என்னையவே! என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "ஒரே ஆள்னா ஒரு தடவைதான் எண்ணணும்னு எங்கயும் சொல்லல ஆன்ட்டி. நான் நாலும் போட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்த நீல நாற்காலி மறுபடி கண்ணில் பட்டது.

"நாற்காலி யாரு குடுத்தா?"

"கடைக்கார சார்தான்" என்றாள் அந்தப் பெண். "நேத்து சாயங்காலமே எங்க சூப்பர்வைசர் வந்து இடம் பாத்துட்டுப் போனாரு. சார் அப்பவே சொல்லிட்டாரு, வெயில்ல நிக்காதம்மா, நாற்காலி தர்றேன்னு. மதியம் தண்ணிகூடக் குடுத்தாரு."

நேற்று சாயங்காலமே.

அவள் கடைக்குள்ளே பார்த்தாள். புருஷன் தராசில் ஆணியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வாங்குவதற்கு எதிரே யாரும் இல்லை.

ராத்திரி வீட்டில் மேஜையில் ரொட்டியும் முட்டையும் இருந்தது. யாரும் தொடவில்லை.

"நேத்து ராத்திரி சாப்பிடறப்ப எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?" என்றாள். "உப்பு கொஞ்சம் கம்மின்னு சொன்னீங்க. அதச் சொல்ல வாய் வந்துச்சில்ல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ உன் சங்கத்துல பேசறதெல்லாம் என்கிட்ட சொல்றியா?"

"சொல்லியிருக்கேன். ஊர்வலம் புதன்கிழமைன்னு சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? அந்த முந்நூறு பேரையும் கூட்டிட்டு வந்து என் கடை முன்னாடி செக்குமாடு மாதிரி சுத்த விட்டிருப்பே. அது கணக்கா? அது நாடகம். தினம் எத்தனை பேரு போறாங்களோ அதான் கணக்கு. நான் காலைல எட்டரைக்குக் கடை தொறக்கறேன், சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருக்கேன். எனக்குத் தெரியாதா? நாள் பூரா ஈ ஓட்டுது அந்தப் பச்சை."

"அஞ்சு மணிக்கு வந்து பாத்திருக்கீங்களா?"

"அஞ்சு மணிக்கு எவன் கடை தொறப்பான்?"

"பாத்திருக்கீங்களான்னு கேட்டேன். ஒரு நாள். இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு நாள்."

மாமனார் எழுந்து, முட்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் முடிச்சுட்டு வாங்க. இன்னைக்குச் சைக்கிள் மிதிச்சவன் நான். எனக்குப் பசிக்குது."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவள் மாநகராட்சி ஆபீசுக்குப் போனாள். மூன்று ஜன்னல் மாறி நான்காவது ஜன்னலில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்கெடுப்பு முறைப்படி முடிஞ்சுபோச்சும்மா."

"ஏழு மணிக்கு ஆரம்பிச்சா எப்படிங்க? அஞ்சு மணிக்கு ஒரு தடவை வந்து பாருங்க, நானே நின்னு காட்டறேன்."

"அஞ்சு மணிக்கு ஆபீஸ் கிடையாதே."

"அதத்தான் சொல்றேன். உங்களுக்கு ஆபீஸ் கிடையாது. எங்களுக்கு வேலை உண்டு."

"எழுதிக் குடுங்கம்மா. பாக்கறோம்."

எழுதிக் கொடுத்தாள். அவர் அதை ஒரு கட்டின் மேல் வைத்தார். அந்தக் கட்டில் கீழே இருந்த காகிதமெல்லாம் பழுத்துப்போயிருந்தது. ஹெல்மெட்காரரிடம் போனாள். அவருக்கும் முகம் செத்துத்தான் போயிருந்தது. "அன்னைக்கே எண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும் மேடம்? விட மாட்டோம். அடுத்ததா ஒரு கருத்தரங்கம் வைக்கறோம். நீங்க கண்டிப்பா பேசணும். காலைல பதினோரு மணிக்கு."

"பதினோரு மணிக்கு நான் உருளைகிட்ட நிப்பேங்க."

"ஓ. ஆமால்ல. சூப்பர் பாயிண்ட்."

ஆஸ்பத்திரி அடித்தளத்தில் கூட்டாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஈர விரிப்பு இரண்டு பேர் கையிலும் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டாளி ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "இழுத்துப் புடி, மடிப்பு விழுது" என்றாள். அன்று அவள் பிடித்த பக்கமெல்லாம் கோணலாகத்தான் போனது.

மூன்றாவது வாரம் மழை நின்ற ஒரு நாளில் ஆட்கள் வந்தார்கள். கம்பங்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிடுங்கி லாரியில் எறிந்தார்கள். ஒரு மெஷின் உறுமிக்கொண்டே வந்து பச்சையைச் சுரண்டியது. முழுசாகப் போகவில்லை. கறுப்பாகத் தழும்பு மாதிரி ஒரு பட்டை ரோடு நெடுகக் கிடந்தது. வேலை முடிந்து வந்தவள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

கடை வாசலில் இடம் விட்டதும் முதல் கார் வந்து நின்றது. கண்ணாடிக் கடைக்காரரின் மச்சானுடைய கார். அதற்கு மேலுறை மாட்டி, கயிறு போட்டுக் கட்டிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

"எப்பங்க எடுப்பாரு?" என்று புருஷன் போய்க் கேட்டாராம்.

"அட, நாலு நாள். அவசரம்னா என் கடை முன்னாடி நிறுத்திக்கச் சொல்லுங்களேன்" என்றாராம் கண்ணாடிக் கடைக்காரர். அவர் கடை முன்னால் அவருடைய வேன் நின்றது.

அன்று மேஜையில் இதை மாமனார்தான் சொன்னார். புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கியிருக்கும்.

"நாளைக்கு எப்படிப் போவே?" என்றார் கடைசியில்.

"எப்பவும் போற மாதிரிதான்."

"பச்சை இல்லன்னா வேலையும் இல்லன்னு பேச்சு."

"பச்சைய நான் எடுக்கல."

"வேலைய விட்டுடு. கடைல வந்து உக்காரு."

"நீங்க கடைய மூடிட்டு வந்து உருளையப் புடிங்க."



மறுநாள் நாலே முக்காலுக்குப் பூட்டைத் திறந்தாள். மாமனார் இருமினார். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்துக்கொண்டே தெருமுனை தாண்டினாள். உள்ளறையில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கவில்லை.

தூறல் விழுந்திருந்தது. சுரண்டின பட்டை ஈரத்தில் வழுக்கியது. அவள் பெரிய ரோட்டில் ஏறியதும் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து அவள் நிழலை முன்னால் நீட்டிப் போட்டது. ஒதுங்கினாள். வண்டி தாண்டிப் போகவில்லை. மெதுவாக்கினாள். அதுவும் மெதுவானது. ஆறிப்போன கழுத்தெலும்பு தானாக வலித்தது. காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள்.

கடையின் லோடு வண்டி. இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. உள்ளே அவள் புருஷன். தலைமுடி ஒரு பக்கமாக எழுந்து நிற்கிறது. கன்னத்தில் தலையணை மடிப்பு.

"என்ன இது?"

"லோடு எடுக்கப் போறேன்."

"இந்த நேரத்துல எவன் லோடு குடுக்கறான்?"

"என் லோடு. உனக்கென்ன? நீ போ."

வண்டிக்குப் பின்னால் ஒரு காய்கறி லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அவர் அசையவில்லை. கையை வெளியே நீட்டி, சுற்றிக்கொண்டு போ என்று காட்டினார். லாரிக்காரன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

அவளுக்கு அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நான் ரோடு கேட்டேன். காவல் கேக்கல. எத்தனை நாளைக்கு இப்படி வருவீங்க? ஒரு வாரம்? மழை வந்தா? உடம்புக்கு முடியலன்னா?"

"தெரியல" என்றார்.

அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதே இல்லை. மேலே திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் ஏறி மிதித்தாள்.

ரொட்டி ஃபேக்டரி முக்கில் வழக்கமாகச் சேருகிறவர்கள் சேர்ந்தார்கள். ஒருத்தர் பக்கத்தில் வந்தார். "அக்கா, பின்னாடி யாரு, கார்ப்பரேஷனா? நல்லா வெளிச்சம் போடறாரே."

"தெரியாது. யாரோ தூக்கம் வராத ஆளு."

பெருக்குகிறவர்கள் விளக்குமாற்றைச் சைக்கிள் சட்டத்தோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். ராத்திரி வேலை முடிந்த வாட்ச்மேன் எதிர்த் திசைக்குப் போனான். பால் கேனோடு ஒருத்தர். ஸ்கூல் சமையல்கட்டுக்குப் போகிற இரண்டு பெண்கள். லாரிக்குப் பயந்து சந்துக்குள் திரும்பப் போனவர்கள்கூட வண்டியின் மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ரோடு முழுக்க நிழலும் சக்கரமுமாகப் போனது. ஒவ்வொருவராக அவரவர் வேலைக்குப் பிரிந்து போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கும்போது ஐந்து பத்து.

வண்டி வந்து நின்றது. அவர் இறங்கினார். கையில் ஆணிப் பெட்டி அட்டை ஒன்று. அதில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. கடையில் சரக்கு எண்ணுகிற மாதிரி, நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே.

"நாப்பத்தி மூணு" என்றார். "பால்காரன், பெருக்கறவங்க, அந்தச் சமையல்காரம்மாங்க, எதிர்ல போனவங்க, எல்லாம் சேத்து. இருபத்தஞ்சு நிமிஷத்துல. ஒருத்தர விடல. என் கடைக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு பேர் வர்றதில்ல."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். எட்டுக் கட்டு, மேலே மூன்று கோடு. இதை மூன்று வாரம் முன்னால் பார்த்திருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது.

"நாப்பத்தி நாலு" என்றாள்.

"இல்ல. பாத்துப் பாத்துப் போட்டேன். நாப்பத்தி மூணுதான்."

அவள் அவர் காதிலிருந்த பென்சிலை உருவினாள். அட்டையைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் அழுத்தமாக இன்னொரு கோடு போட்டாள்.

"என்னை எண்ணல நீங்க."

பென்சிலைத் திரும்ப அவர் காதில் செருகிவிட்டு, முதல் மெஷினுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனாள்.